மருத்துவமனை வாசலோடு நின்றுவிடும் காப்பீடு: மாற்றுத்திறனாளிகளின் உதவி உபகரணங்களும் பொதுக் காப்பீட்டுத் திட்டங்களும்

சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காலிப்பர், காதொலிக் கருவி, ஊன்றுகோல், வெண்கோல், பிரெய்ல் எழுதுகருவி, பேச இயலாதவருக்காகப் பேசித்தரும் மின்னணுப் பலகை ஆகியவற்றை உதவி உபகரணங்கள் என்ற ஒரே பெயரில் தொகுத்துக் கூறுவது இன்று வழக்கில் உள்ளது. உடலின் ஏதேனும் ஒரு செயல்பாடு குறைந்திருக்கையில் அக்குறையை ஈடுசெய்து, ஒருவர் நடமாடவும் கேட்கவும் படிக்கவும் பிழைப்பைப் பார்க்கவும் துணைநிற்கும் பொருள் எதுவாயினும் அது இவ்வகையில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இவற்றுள் 50 பொருள்களைத் தேர்ந்து முன்னுரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இன்றியமையாத மருந்துகளின் பட்டியலைப் போலவே ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பட்டியலை வகுத்துக்கொண்டு, அவற்றைத் தன் மக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022-இல் இணைந்து வெளியிட்ட உலக அறிக்கையின்படி, ஏதேனும் ஓர் உதவி உபகரணம் தேவைப்படுவோர் உலகில் சுமார் 250 கோடிப் பேர். 2050-இல் இது 350 கோடியாக உயரும். தேவைப்படுவோருள் உபகரணம் கைக்கு எட்டியவர்களின் விகிதம் வளமான சில நாடுகளில் 90 விழுக்காடு. வறிய சில நாடுகளில் 3 விழுக்காடு. அறிக்கைக்காக ஆய்வு நடத்தப்பட்ட நாடுகளில், உபகரணம் பெற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சொந்தப் பணத்தைச் செலவழித்தே அதைப் பெற்றிருந்தனர்.

எனவே இத்துறையின் மையக் கேள்வி பொருளைக் கண்டுபிடிப்பதைவிட அதற்கு யார் பணம் தருவது என்பதையே சுற்றி நிற்கிறது. நோயுற்றவரின் அறுவை சிகிச்சைக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுக்கும்போது, அந்தச் சிகிச்சைக்குப் பின் அவர் எழுந்து நடப்பதற்கான கருவிக்கு மட்டும் ஏன் பெரும்பாலும் கொடுப்பதில்லை என்பதும், கொடுக்கும் நாடுகள் எந்த விதிகளோடு கொடுக்கின்றன என்பதும், இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இது எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

படுக்கையை மையமாகக் கொண்ட திட்டங்கள்

இந்தியாவில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசுக் காப்பீடு 2008-இல் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற பெயரில், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 30,000 ரூபாய் வரம்போடு நாடளாவிய வடிவம் பெற்றது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018 செப்டம்பர் 23 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் காப்பீட்டுப் பிரிவான பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டுத் திட்டம் அதனுடன் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்னும் வரம்பு ஏற்பட்டது. பெயர்களும் தொகைகளும் மாறினாலும் இவை அனைத்துக்கும் அடித்தளமான ஏற்பாடு ஒன்றே: நோயாளி மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர வேண்டும், அவருக்கு அளிக்கப்படும் சிகிச்சை முன்கூட்டியே விலை குறிக்கப்பட்ட ஒரு ‘தொகுப்பாக’ இருக்க வேண்டும், அந்தத் தொகுப்புக்கான தொகை மருத்துவமனையின் கணக்குக்குச் செல்ல வேண்டும். தொகுப்பு என்பது அறை, மருந்து, அறுவை, உணவு முதலியவற்றை ஒரே விலையில் அடக்கிக் காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையும் ஏற்றுக்கொள்ளும் கணக்கு அலகு.

மத்தியத் திட்டம் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களின் செலவையும் வீடு திரும்பிய பிறகான 15 நாள்களின் செலவையும் ஏற்கிறது. நிமோனியாவுக்கோ குடல்வால் அறுவைக்கோ இந்த அவகாசம் போதும். கால் அகற்றப்பட்டவரின் நிலை வேறு. வெட்டப்பட்ட இடத்தின் புண் முதலில் ஆற வேண்டும். பிறகு எஞ்சிய காலின் வீக்கம் வற்றி அது ஒரு நிலையான வடிவத்துக்கு வரும்வரை, அழுத்தக் கட்டுகளை நாள்தோறும் சுற்றிக் கட்டிக் காத்திருக்க வேண்டும். இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதன் பின்னரே அளவெடுத்து, எஞ்சிய கால் உட்காரும் ‘சாக்கெட்’ எனப்படும் குழிவுறையைச் செய்ய இயலும். முதல் உறை சில மாதங்களில் தளர்ந்துவிடுவதால் இரண்டாவது உறையும் தேவைப்படும். ஆகவே காப்பீட்டின் 15 நாள் கதவு அடைபட்டு வெகுநாள் கழித்துத்தான் செயற்கைக் கால் பொருத்தும் பருவமே தொடங்குகிறது. இவ்விதியை வகுத்தவர்கள் உடல் ஊனமுற்றவர்களை விலக்க வேண்டும் என்று திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்கள் மனத்தில் இருந்த நோயாளி குணமாகி வீடு திரும்புபவர், அவ்வளவே.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. காப்பீட்டு அட்டை உண்டா, எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் உயிரைக் காக்கும் இத்திட்டத்தின் மேன்மையில் ஐயமில்லை. எனினும் அந்த 48 மணி நேரத்தில் உயிர்பிழைத்து, காலையோ தண்டுவடச் செயல்பாட்டையோ இழந்து வெளிவருபவர், அடுத்த கட்டத்துக்கு வேறொரு துறையின் வாசலுக்குச் சென்று, அடையாள அட்டை, வருமானச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு புதிய விண்ணப்பதாரராக வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவரைக் காப்பாற்றியது மக்கள் நல்வாழ்வுத் துறை. அவருக்குச் சக்கர நாற்காலி தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. ஒரே உடம்பின் ஒரே விபத்து இரண்டு கோப்புகளாகிவிடுகிறது. அரசு மருத்துவமனைகள் அங்கங்கே காப்பீட்டு நிதியைக் கொண்டு செயற்கை அவயங்களைப் பொருத்தியிருப்பதும் உண்மையே. ஆனால் அது அந்தந்த மருத்துவமனையின் முனைப்பைப் பொறுத்த ஒன்றாக இருக்கிறதே தவிர, பாதிக்கப்பட்ட எவரும் கேட்டுப் பெறத்தக்க உரிமையாக வளரவில்லை.

தோலுக்கு உள்ளே, தோலுக்கு வெளியே

காப்பீட்டு ஒப்பந்தங்களைக் கூர்ந்து படித்தால் ஒரு வினோதமான எல்லைக்கோடு புலப்படும். இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, இதய ஸ்டென்ட், பேஸ்மேக்கர், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஆகியவை உடலுக்குள் பொருத்தப்படுவதால் சிகிச்சையின் பகுதியாகக் கருதப்பட்டு அவற்றுக்குப் பணம் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி, காதொலிக் கருவி, செயற்கைக் கால், சக்கர நாற்காலி ஆகியவை தோலுக்கு வெளியே இருப்பதால் தனிப்பட்ட உடைமைகளாகக் கருதப்படுகின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்காக வகுத்திருக்கும் விதிகளில், பாலிசி பணம் தராத 68 பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. குழந்தை உணவு, அழகு நிலையச் சேவை, சலவைக் கட்டணம், தொலைக்காட்சிக் கட்டணம், மினரல் வாட்டர் ஆகியவற்றோடு அதே வரிசையில் நடைத்துணைக் கருவிகள், முழங்கால் பட்டை, கழுத்துப் பட்டை, நீரிழிவு நோயாளிக்கான காலணி, நீர் அல்லது காற்று நிரப்பிய படுக்கை ஆகியவையும் இடம்பெற்றிருக்கின்றன. தொலைக்காட்சி பார்ப்பதும் ஊன்றி நடப்பதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டிருப்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இருக்க இயலாது. மருத்துவமனை ரசீதில் அடிக்கடி தகராறு விளைவித்த சில்லறை இனங்களை ஒரே மூச்சில் ஒதுக்கியதன் விளைவாகவே இதைக் கொள்ள வேண்டும். பட்டியல் தனியார் பாலிசிக்கு உரியதாயினும் அதன் மனப்போக்கு அரசுத் திட்டங்களிலும் ஊடுருவியுள்ளது.

இந்த எல்லைக்கோட்டின் விலை படுக்கைப் புண்ணில் தெளிவாகத் தெரிகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இராது. ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் வலி தெரியாமலேயே சதை அழுகத் தொடங்கும். அளவுக்குப் பொருந்தாத சக்கர நாற்காலியும் அடியில் நல்ல மெத்தை இல்லாமையும் இதற்கு முதன்மைக் காரணங்கள். புண் எலும்புவரை இறங்கிய பிறகு, வேறிடத்துத் தசையைத் திருப்பி வைத்து மூடும் ஒட்டறுவைக்குக் காப்பீட்டில் தொகுப்பு உண்டு. புண்ணே வராமல் தடுத்திருக்கக்கூடிய மெத்தைக்குத் தொகுப்பு இல்லை. நோயாளி வீடு திரும்பி அதே நாற்காலியில் அமர்ந்தால் அடுத்த ஆண்டும் அதே அறுவைக்கு வரக்கூடும், அதற்கும் காப்பீடு பணம் தரும். செலவைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கில் மட்டுமே பார்த்தாலும் இது நட்டக் கணக்குத்தான்.

இதற்குக் காப்பீட்டியலார் சொல்லும் எதிர்வாதம் ஒன்று உண்டு. எப்போது நேரும் என்று தெரியாத, நேர்ந்தால் தாங்க முடியாத இழப்பைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்வதே காப்பீடு. ஆனால் மாற்றுத்திறனாளிக்கு உபகரணம் தேவைப்படுவது நிச்சயம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மீண்டும் தேவைப்படுவதும் நிச்சயம். நிச்சயமான செலவைக் காப்பீடு செய்ய இயலாது என்பது அவ்வாதம். பிரீமியத்தை நம்பி நடக்கும் தனியார் நிறுவனத்துக்கு இது ஓரளவு பொருந்தும். அரசுத் திட்டங்களில் பிரீமியத்தைச் செலுத்துவது அரசே. காப்பீடு என்று பெயர் இருந்தாலும் அது வரிப்பணத்தைக் கொண்டு மக்கள் சார்பில் சிகிச்சையை விலைக்கு வாங்கும் ஏற்பாடே ஆகும். மேலும், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை என ஆயுள் முழுவதும் செய்யப்படும் டயாலிசிஸைவிட நிச்சயமான, திரும்பத் திரும்ப வரும் செலவு வேறில்லை. அதை அரசுக் காப்பீடு ஏற்கிறது, ஏற்கவும் வேண்டும். டயாலிசிஸ் மருத்துவமனைப் படுக்கையில் நடக்கிறது, நடை தெருவில் நடக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் இடையே கொள்கை வேறுபாடு எதையும் காண்பது அரிது.

முகாமும் மேடையும்

காப்பீடு விட்ட இடத்தை இந்தியாவில் நலத்திட்டம் நிரப்பி வந்திருக்கிறது. 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனம் செயற்கை அவயங்களையும் மூன்று சக்கர சைக்கிள்களையும் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1981 முதல் மத்திய அரசின் அடிப் திட்டம், அதாவது உபகரணம் வாங்கவும் பொருத்தவும் உதவும் மானியத் திட்டம், நடைமுறையில் உள்ளது. இதன்படி குறைந்தது 40 விழுக்காடு ஊனம் உண்டென்ற மருத்துவச் சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுச் செலவும், 30,000 ரூபாய்க்குள் இருந்தால் பாதிச் செலவும் கிடைக்கும். பெரியவர்கள் ஒருமுறை பெற்றால் மூன்று ஆண்டுகள் கழித்தே மீண்டும் கேட்கலாம். மாநில அரசுகளும் தத்தம் நிதியிலிருந்து வழங்குகின்றன. தமிழ்நாட்டில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், காதொலிக் கருவி, நவீன செயற்கை அவயம் ஆகியவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகச் சென்று சேர்கின்றன. உலக வங்கியின் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உருவாகி வருவது, பொருளையும் சிகிச்சையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் முயற்சி என்ற வகையில் கவனிக்கத்தக்கது.

இத்திட்டங்களால் பயன்பெற்றோர் இலட்சக்கணக்கினர். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் இவை பெரும்பாலும் முகாம் வழியே இயங்குவதால் சில குறைகள் அவற்றின் இயல்பிலேயே படிந்துவிட்டன. முகாம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ நடக்கும்; தேவை அந்தத் தேதியைப் பார்த்து வருவதில்லை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவருக்கு அளவெடுத்து, சில மாதங்கள் கழித்து விழா மேடையில் வழங்கும்போது, அளவு, எடை, வீட்டு வாசற்படியின் உயரம், பயன்படுத்துபவரின் தொழில் ஆகியவற்றுக்கேற்ப உபகரணத்தைத் தேர்வதற்கு நேரமில்லை. வளரும் குழந்தைக்கும் அறுபது வயதுப் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே நாற்காலி செல்கிறது. வழங்கிய எண்ணிக்கை ஆண்டறிக்கையில் ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து எத்தனை நாற்காலிகள் உருண்டுகொண்டிருக்கின்றன, எத்தனை வீட்டுப் பரண்மீது இருக்கின்றன என்பது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. சட்ட நோக்கில் மேலும் முக்கியமான குறை வேறொன்று. காப்பீட்டில் ஒரு கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. நலத்திட்டத்தில் இந்த ஆண்டு நிதி முடிந்துவிட்டது என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தப் பிரிவினையை அப்படியே உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. 21 வகை ஊனங்களை ஏற்று, முந்தைய 1995 சட்டத்தைவிடப் பல வகையிலும் விரிந்த இச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. உதவி உபகரணம், மருந்து, திருத்த அறுவை ஆகியவற்றை வருமான வரம்புக்கு உட்பட்டு இலவசமாக அளிப்பது அதில் ஓர் உட்கூறு. ஊழியர் காப்பீட்டிலோ அரசின் பிற காப்பீடுகளிலோ சேராத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் வகுப்பது வேறோர் உட்கூறு. காப்பீட்டுக்குள் உபகரணம் அடங்க வேண்டும் என்று இரண்டையும் இணைக்கும் சொல் சட்டத்தில் இல்லை. இவை எல்லாமே அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டவை என்ற தற்காப்பு வாசகமும் பிரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனியே வந்த காப்பீடுகளும் இக்குறையைப் போக்கவில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அளித்து, புறநோயாளிச் செலவையும் தொடர் பயிற்சிச் சிகிச்சையையும்கூட ஏற்பது படுக்கையை மையமாகக் கொள்ளும் வழக்கத்துக்குப் பாராட்டத்தக்க விதிவிலக்கு. 2015-இல் 2 லட்சம் ரூபாய் வரம்போடு தொடங்கிய ஸ்வாவலம்பன் காப்பீடு நீடிக்கவில்லை.

தனியார் நிறுவனங்களின் பாலிசியைப் பொறுத்தமட்டில் போராட்டம் இன்னும் ஒரு படி கீழே நிற்கிறது. முடக்குவாதமுற்று சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவருக்குப் பாலிசியே மறுக்கப்பட்ட வழக்கில், மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவக் காப்பீடு மறுக்கப்படலாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையம், இவர்களுக்கெனத் தனிப் பாலிசியை எல்லாப் பொது மற்றும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்று பணித்தது. பாலிசி கிடைப்பதற்கே வழக்காட வேண்டியிருக்கும் நிலையில் அதில் உபகரணம் அடங்குமா என்ற கேள்விக்கு இன்னும் முறை வரவில்லை.

உள்நாட்டிலேயே இருக்கும் முன்மாதிரி

காப்பீட்டில் உபகரணத்தைச் சேர்ப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 1948-ஆம் ஆண்டின் சட்டப்படி, 1952 முதல் இயங்கிவரும் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், முதலாளியிடமிருந்து ஊதியத்தில் 3.25 விழுக்காட்டையும் தொழிலாளியிடமிருந்து 0.75 விழுக்காட்டையும் பெற்று, வேலையின்போது அவயம் இழந்தவருக்குச் செயற்கை அவயத்தையும், காப்பீடு செய்தவருக்குக் காதொலிக் கருவி முதலியவற்றையும் மருத்துவப் பலனின் பகுதியாகவே அளிக்கிறது. இதில் சேர்வதற்கான ஊதிய வரம்பு மற்றவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்குமான சி.ஜி.எச்.எஸ். திட்டமும் காதொலிக் கருவிக்கு வகைவாரியாக விலை வரம்பு குறித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் இடமளிக்கிறது. ஆகவே ஆலைத் தொழிலாளிக்கும் அரசு ஊழியருக்கும் காப்பீட்டு உரிமையாகக் கிடைக்கும் அதே பொருள், கூலித் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் மேடையில் வழங்கப்படும் நல உதவியாகிறது. கருவி ஒன்றுதான்; அதைப் பெறுபவர் எந்த வகைப் பணியில் இருக்கிறார் என்பதே அது உரிமையா உதவியா என்பதை முடிவு செய்கிறது. இந்தப் பிரச்சினை குறித்த விவாதங்களில் இ.எஸ்.ஐ.யின் அனுபவம் அரிதாகவே எடுத்துப் பேசப்படுவது வியப்புக்குரியது.

செவிக்குள் வைத்த கருவியும் செவிக்கு வெளியே உள்ள பாதியும்

உபகரணத்தைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதற்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் தக்க சான்று. பிறவியிலேயே கேட்கும் திறனற்ற குழந்தைக்கு, மொழி மூளையில் வேரூன்றும் முதல் சில ஆண்டுகளுக்குள் இதைப் பொருத்தினால் அது கேட்டுப் பேசக் கற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டுக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வறுவையைத் தொடக்கக் காலத்திலேயே ஏற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் செவியளித்தது. இந்தியாவில் இத்துறையில் தமிழ்நாடு முன்னோடி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கேரளமும் 2012-இல் ஸ்ருதிதரங்கம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடிப் திட்டமும் ஒரு குழந்தைக்குச் சில லட்சங்கள் என்ற அளவில் இதற்குப் பணம் ஒதுக்குகிறது.

கருவிக்கு இரண்டு பாதிகள் உண்டு. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் பதிக்கப்பட்டு, நத்தை ஓடு போன்ற உட்செவிச் சுருளுக்குள் மின்முனைக் கம்பியைச் செலுத்துவது உட்பாதி. ஒலியை வாங்கி மின் குறிகளாக்கும் ஒலிச்செயலி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சுருள், இணைக்கும் கம்பி, மின்கலம் ஆகியவை வெளிப்பாதி. உட்பாதி பல பதிற்றாண்டுகள் உழைக்கும். வெளிப்பாதி தேயும், வியர்வையிலும் மழையிலும் கெடும், பள்ளி மைதானத்தில் விழுந்து உடையும். கம்பியும் மின்கலமும் ஆண்டுதோறும் செலவு வைக்கும். உத்தரவாதக் காலம் முடிந்த பின் ஒலிச்செயலியை மாற்ற இலட்சங்களில் விலை சொல்லப்படும். நிறுவனம் அந்த மாடலையே நிறுத்திவிட்டால் பழுதுபார்க்கவும் வழியிராது. அறுவைக்குப் பிறகு ஓரிரண்டு ஆண்டுகள் இடைவிடாது தர வேண்டிய கேட்பு மற்றும் பேச்சுப் பயிற்சிக்காக, கிராமத்துப் பெற்றோர் வாரந்தோறும் நகரத்துக்கு வந்துபோகும் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் வேறு. கருவி மௌனமானால் குழந்தை மீண்டும் மௌனத்துக்குத் திரும்பும். அறுவைக்குச் செலவிட்ட பொதுப்பணமும் அதனோடு வீணாகும். கேரளத்தில் பழைய ஒலிச்செயலிகள் காலாவதியாகத் தொடங்கியபோது பெற்றோர் குரலெழுப்பி, அவற்றைப் புதுப்பிக்க அரசு தனியே வழிசெய்ய நேர்ந்தது.

இவ்வளவு விலையுயர்ந்த உபகரணத்தை ஏற்ற காப்பீடு, அதைவிடப் பன்மடங்கு மலிவான சாதாரணக் காதொலிக் கருவியை ஏற்காததற்கு விளக்கம் மேலே சொன்ன எல்லைக்கோடுதான். காக்ளியர் இம்ப்ளான்ட் ஓர் அறுவை. ஆகவே உள்ளே வந்துவிட்டது. வந்த பிறகும் அதன் உட்பாதிக்குக் கிடைத்த மதிப்பு வெளிப்பாதிக்குக் கிடைக்கவில்லை.

பிற நாடுகளின் விதிகள்

ஜெர்மனியில் சட்டபூர்வ மருத்துவக் காப்பீட்டில் இருப்பவருக்கு, சிகிச்சையின் பலனைக் காக்கவோ, வரவிருக்கும் ஊனத்தைத் தடுக்கவோ, இருக்கும் ஊனத்தை ஈடுசெய்யவோ தேவைப்படும் உபகரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூலிலேயே எழுதப்பட்டுள்ளது. காப்பீட்டு நிதியங்களின் கூட்டமைப்பு பல்லாயிரம் பொருள்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறது; ஆனால் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பொருளை மறுக்கக்கூடாது என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளன. வயது வந்தவர் ஒரு பொருளுக்கு 5 யூரோவுக்குக் குறையாமலும் 10 யூரோவுக்கு மேற்படாமலும் செலுத்தினால் போதும். இந்தத் தாராளத்துக்கும் ஓர் எல்லை உண்டு: நடமாட்டக் கருவிகளைப் பொறுத்தவரை, உடல் நலமுள்ளவர் வீட்டைச் சுற்றி நடந்தே சென்றுவரும் அண்மைப் பகுதிக்கு உதவுவதுதான் மருத்துவக் காப்பீட்டின் கடமை, அதற்கு அப்பாற்பட்டது வேறு நிதியத்தின் பொறுப்பு என்பது அந்நாட்டு நீதிமன்ற மரபு.

அமெரிக்காவின் மெடிகேர் இந்த எல்லையை இன்னும் குறுக்கிவிட்டது. 1965-இல் முதியோருக்காக இயற்றப்பட்டு, 1972-இல் நீண்டகால ஊனமுற்றோருக்கும் விரிவாக்கப்பட்ட இத்திட்டம், நீடித்துழைக்கும் மருத்துவக் கருவி வீட்டுக்குள் பயன்படுத்தத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. அதன்படி, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போக முடிந்தவருக்கு மின் சக்கர நாற்காலி கிடைக்காது. அவரால் தெருமுனைக் கடைக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்பது கணக்கில் வராது. கருவி கிடைத்தவரும் ஐந்தில் ஒரு பங்கைத் தாமே செலுத்த வேண்டும். காதொலிக் கருவியோ சட்டத்தின் தொடக்கம் முதலே பெயர் சொல்லி விலக்கப்பட்டது, இன்றும் மூல மெடிகேரில் இல்லை. நாற்காலியின் இருக்கையை மேலே உயர்த்தும் மின்னமைப்பு, உயரமான படுக்கைக்கு மாறி அமரவும் அலமாரியை எட்டவும் உதவுவது, நீண்ட வாதாட்டத்துக்குப் பிறகு 2023-இல்தான் மருத்துவத் தேவையாக ஏற்கப்பட்டது.

ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தது: சிகிச்சைக் காலத்துச் செயற்கை உறுப்புக்கு மருத்துவக் காப்பீடு, அதன் பிறகு அன்றாட வாழ்வுக்கானதற்கு மாற்றுத்திறனாளிகள் நலச் சட்டம் என்று இரண்டு கட்டமாகப் பிரித்து, இரண்டாம் கட்டத்தில் பயனாளியின் பங்கைப் பொதுவாகப் பத்தில் ஒன்றாக்கியது. துறைகள் இரண்டாக இருப்பதே குற்றமன்று, கைமாறும் இடத்தில் நோயாளி நழுவி விழாதபடி விதிகள் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. இந்தியாவோடு ஒப்பிட மிகப் பொருத்தமானது தாய்லாந்து. செல்வ நாடாக வளரும்வரை காத்திராமல், 2002-இல் அனைவருக்குமான சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியபோதே பதிவு பெற்ற மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுச் சேவையையும் உபகரணங்களையும் அதற்குள் வைத்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனக் காப்பீட்டுத் திட்டம் பெயரில் காப்பீடாயினும், மருத்துவத்திலிருந்து முற்றிலும் விலகி ஒவ்வொருவரின் வாழ்க்கைத் திட்டத்துக்கும் தனித்தனியே நிதி ஒதுக்கும் முறையாதலால் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

எதை விலைக்கு வாங்குவது

காப்பீட்டுப் பட்டியலில் சக்கர நாற்காலி என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கருதுவதும் ஆபத்தானது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டையொட்டி, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் வட்டாரத்தில் மின் சக்கர நாற்காலிக்கான கோரிக்கைகள் நம்ப முடியாத அளவுக்குப் பெருகின. தேவையே இல்லாதவர் பெயரில் பணம் பெற்ற விற்பனையாளர்கள்மீது மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. அதன் பிறகு விதிகள் இறுகி, உண்மையாகவே தேவைப்பட்டோர் படிவங்களில் சிக்கினர். இந்தியாவில் அச்சத்துக்குரியது இதன் மறுபக்கம்: ஒரே தொகுப்பு விலை குறிக்கப்பட்டால், அந்த விலைக்குள் மிக மலிவாகக் கிடைக்கும் கனத்த இரும்பு நாற்காலி எல்லோருக்கும் தள்ளிவிடப்படும். சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வு ஆய்வு மையம் நின்றநிலைக்கு உயர்த்தும் அரைஸ் நாற்காலியை 2019-இல் வெளியிட்டது. உடல் அளவுக்கேற்பச் செய்யப்படும் நியோஃபிளை, அதனுடன் இணைத்து மின்வண்டியாக்கும் நியோபோல்ட் ஆகியவையும் அங்கே பிறந்தவை. இத்தகைய தரமான உள்நாட்டுக் கருவிகளின் விலை, நலத்திட்ட நாற்காலியின் விலையைப் போலப் பன்மடங்கு. குறைந்த விலை ஏலத்தை மட்டுமே அறிந்த கொள்முதல் முறையில் இவற்றுக்கு இடமிராது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சக்கர நாற்காலி வழங்குவது எட்டுப் படிகளைக் கொண்ட சேவையாக விளக்கப்பட்டிருக்கிறது: பரிந்துரை, மதிப்பீடு, கருவித் தேர்வு, நிதியும் கொள்முதலும், தயாரிப்பு, பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பின்தொடர்தலும் பழுதுநீக்கலும். பொருள் என்பது இவற்றுள் ஒரு படி மட்டுமே. எனவே காப்பீட்டுத் தொகுப்பு வகுக்கப்படும்போது மதிப்பீட்டுக்கு ஒரு கட்டணம், கருவிக்கு ஒரு விலை, பொருத்துதலுக்கும் பயிற்சிக்கும் ஒரு கட்டணம், ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று கணக்குகள் பிரிக்கப்பட வேண்டும். கடைசித் தவணை, கருவி சில மாதங்கள் பயன்பாட்டில் இருப்பது உறுதியான பின்னரே வழங்கப்பட வேண்டும். பராமரிப்புத் தொகை இல்லாத தொகுப்பு காக்ளியர் அனுபவத்தையே திரும்பக் கொண்டுவரும். இதைச் செய்யத் தேவையான கைகள் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 1966 முதல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம், விபத்தில் தாமே முடங்கி நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் உருவாகி இயங்கிவருகிறது, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் உள்ளன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே செல்கிறார். குறைவாக இருப்பவர்கள், செயற்கை அவயம் செய்து பொருத்தும் பயிற்சி பெற்ற வல்லுநர்கள். அவர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். தாலுகா மருத்துவமனையில் அவர்கள் பணிக்கு ஊதியம் தரும் கணக்குத் தலைப்பே இல்லாதவரை அங்கே போவதற்கும் அவர்களுக்குக் காரணமில்லை. காப்பீட்டுக் கட்டணம் அத்தகைய தலைப்பை உருவாக்கும் என்பது, உபகரணத்தைக் காப்பீட்டில் சேர்ப்பதற்கான வாதங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று.

செலவு பெருகும் என்ற கவலை நிதித் துறையில் இயல்பாக எழும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளையும், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேரையும் காட்டியது. சட்டம் அப்போது ஏற்காத பல ஊனங்கள் பின்னர் சேர்க்கப்பட்டதால் உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருக்கும். ஆயினும் இந்தச் செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே நலத்துறை வரவு செலவுத் திட்டங்களிலும், படுக்கைப் புண் அறுவைகளிலும், மீண்டும் மீண்டும் விழுந்து முறியும் எலும்புகளிலும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இக்கணக்கை விரைவில் மாற்றவிருப்பது முதுமை. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவரும் வருமானப் பாகுபாடின்றி ஆயுஷ்மான் காப்பீட்டுக்குள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுபவை கைத்தடி, நடைச்சட்டம், காதொலிக் கருவி, மூக்குக்கண்ணாடி, கழிவறை நாற்காலி ஆகியவை. இவை அந்த அட்டையின்கீழ் வருவதில்லை. வறிய முதியோருக்காக 2017 முதல் நடக்கும் வயோஸ்ரீ திட்டத்தின் முகாம்களுக்குத்தான் செல்ல வேண்டும். காது மந்தமான, முழங்கால் தேய்ந்த பெரும்பாலான முதியவர்களிடம் 40 விழுக்காடு ஊனச் சான்றும் இராது. அவர்கள் தம்மை மாற்றுத்திறனாளிகள் என்று எண்ணிக்கொள்வதும் இல்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மூட்டு மாற்று அறுவைக்கு 5 லட்சம் ரூபாய் வரை அட்டை உதவும். விழாமல் தாங்கக்கூடிய நடைச்சட்டத்தை, சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்குவதாயினும், மருந்துக் கடையில் கைப்பணம் கொடுத்தே வாங்க வேண்டும்.